விளம்பர இடைவேளையில் வாழ்ந்தவர்கள்

மண்ணெண்ணெய் வாசனை இப்போது ஊரில் கிடைப்பதில்லை. ஸ்டவ் போயிற்று, ரேஷன் கடை வாசலில் கேன்களின் வரிசையும் போயிற்று. அதனால்தானோ என்னவோ, போன வாரம் மந்தைவெளியில் ஒரு டூவீலர் கடையைத் தாண்டும்போது, கழற்றிய செயினைத் தகர டப்பாவில் போட்டு மெக்கானிக் அலசிக்கொண்டிருந்த அந்த வாடை என்னைக் கையைப் பிடித்து நிறுத்தியது. நடுரோட்டிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர், வூட்ல சொல்லிக்கினு வந்தியாம்மா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சொல்லிவிட்டு வர வீட்டில் யாருமில்லை. தவிர, அந்த நிமிஷம் நான் மந்தைவெளியிலேயே இல்லை. தி.நகரில் இருந்தேன். பாண்டி பஜாருக்குப் பின்னால், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டிய சந்தில், மாடியில், ஒரு ஆரி வேலைக் கூடத்தில். என் தோழி ஒருத்தி ஒரு மனுஷருக்கு ஆகட்டும் என்றோ வேண்டாம் என்றோ பதில் சொல்ல வேண்டியிருந்த அந்த மழைக்காலத்தில்.

கல்யாண ரவிக்கைகளில் ஜரியும் முத்தும் ஜமிக்கியும் வைத்துத் தைக்கிற இடம் அது. காகிதத்தில் மயிலை வரைந்து, கோடு நெடுக ஊசியால் பொடிப்பொடியாகத் துளை போட்டு, துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியை ஒரு துணிச்சுருளால் தேய்ப்பார்கள். காகிதத்தை எடுத்தால் துணியில் புள்ளி புள்ளியாக மயில் நிற்கும். எண்ணெய் காற்றோடு போய்விடும், மயில் தங்கிவிடும். அந்த அறைக்குள் நுழைந்த மூன்றாம் நிமிஷம் தலை லேசாகக் கிறுகிறுக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

என் அண்ணன் மகளின் கல்யாண ரவிக்கையைக் கொடுக்கப் போனேன். மாலை நேரம். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. நான்கு பெண்கள் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுற்றி உட்கார்ந்து தலை குனிந்திருந்தார்கள். ஆரி ஊசி கொக்கிபோல் இருக்கும். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. கண்ணை எடுத்தால் நூல் நழுவும். ஆகவே அங்கே சீரியல் என்பது காதால் கேட்கும் சமாச்சாரம். முகங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

சீரியல் எல்லாச் சீரியல்களையும் போலத்தான். பெரிய வீடு, படாத பாடு படும் மருமகள், தூங்கும்போதும் ஒட்டியாணம் கழற்றாத மாமியார், முடியாத சொத்து வழக்கு. வழக்கு இருப்பதால் ஒரு வக்கீல். வக்கீல் இருப்பதால் அவருடைய கேஸ் கட்டுகளைத் தூக்கிவர ஒரு குமாஸ்தா. அந்தக் குமாஸ்தாவுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் வக்கீல் யோவ் என்றுதான் கூப்பிடுவார். பிறகு, வாழப் போன இடத்திலிருந்து திரும்பி வந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காபி கொடுப்பதே வேலையாக இருந்த நாத்தனார் ஒருத்தி.

அன்றைய காட்சி இவ்வளவுதான்: குமாஸ்தா ஹாலில் உட்கார்ந்திருக்கிறான். நாத்தனார் காபி வைக்கிறாள். உள்ளே போகிறாள். வக்கீல் பேச ஆரம்பிக்கிறார். சட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், தலை நிமிராமலே, அறையில் இருந்த எல்லோரையும் பொதுவாகக் கேட்டது.

"யாராச்சும் பாத்து சொல்லுங்களேன். அந்த குமாஸ்தா இப்ப இன்னா பண்றான்?"

சும்மா உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். பார்த்ததைச் சொன்னேன். அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றேன்.

ஊசி நின்றது. "பாத்தியா," என்றாள் அவள், பார்க்காதவள். "டம்ளர் வெச்ச சத்தம் வந்துச்சு. எடுத்த சத்தம் வரல."

மற்ற மூவரும் சிரித்தார்கள். நான் ரவிக்கையைக் கொடுத்த வேலை முடிந்தும் எழுந்து போகவில்லை.

அவள் மீர்சாகிப்பேட்டையிலிருந்து வேலைக்கு வருபவள். வீட்டில் உருது, வெளியே அசல் மெட்ராஸ் தமிழ். நாற்பதைத் தாண்டியவள், என்னைவிட ஆறேழு வயது இளையவள், அதனால் அக்கா. ஆனால் நீங்க போங்க எல்லாம் முதல் நாளோடு சரி. சிறு வயதில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிட்டவள் என்பது கூடத்தில் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அவளாக அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றும், குறையில்லை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்றும் எனக்குப் பின்னால் புரிந்தது.

ரவிக்கை தயாரானது, கல்யாணம் நடந்தது, எனக்கு அந்த மாடிக்குப் போக ஒரு சாக்கும் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் போன் பழக்கம் தொடங்கியது. நான் மந்தைவெளியில் என் வீட்டில் சீரியல் பார்ப்பேன். அவள் தி.நகரில் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு சட்டத்தின்மேல் குனிந்து கேட்பாள். விளம்பரம் வந்ததும் டிவி சத்தத்தை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவேன். என் பங்கு, முகங்கள்: யார் யாரைப் பார்த்தது, யார் பார்க்காமல் விட்டது. அவள் பங்கு, முகத்துக்குப் பின்னால் இருப்பது. விளம்பரம் முடிந்து சீரியல் வீடு திரும்ப வந்ததும், பாதி வாக்கியத்தில் இருந்தாலும், வைத்துவிட வேண்டும். மிச்சம் அடுத்த இடைவேளையில்.

எனக்குச் சோறு போடுவது விளம்பரங்கள். ஊறுகாய்க்கும் வீட்டுமனைக்கும் நாலு வரி எழுதிக் கொடுப்பேன், யாரோ ஒரு நல்ல குரல் அதைப் பேசும். கவிதை எழுதுவது மிச்ச நேரத்தில். அந்த நாலு வரிகளின் வாயைத்தான் தினமும் சாயங்காலம் நானே பொத்தினேன். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறுகாய் மௌனமாக விழுந்துகொண்டிருக்கும், இங்கே குமாஸ்தா நாத்தனாரோடு மொட்டை மாடியில் நின்று பேசிக்கொண்டிருப்பான்.

எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. டிவியில் காட்டியதை மாற்றக் கூடாது. அவர்கள் காட்டியது காட்டியதுதான். காட்டாமல் விட்டதெல்லாம் நம்முடையது. நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய நிலம் அது! ஒரு கதாபாத்திரம் வாசல்படி தாண்டிப் போனதும் எங்கே போகிறது? எழுதியவருக்கே தெரியாது. அவருக்கு அக்கறையும் இல்லை, அடுத்த காட்சியில் மாமியார் விழ வேண்டும். நாங்கள் அந்த வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றோம்.

அப்படித்தான் குமாஸ்தாவுக்கு ஒரு வாழ்க்கை சேர்ந்தது. மழை வந்தால் அவனுக்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும், ஏனென்றால் அவன் குரல் அடியில் ஒரு கரகரப்பு உண்டு. ஐஸ் ஆகாது. சட்டையைத் தானே தேய்த்துக்கொள்வான், யாரிடமும் கொடுக்க மனசு வராது. வெண்டைக்காய் தொட மாட்டான். இதெல்லாம் எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டால் கோபம் வரும். போன மாசம் அந்த வீட்டில் அவனைச் சாப்பிட உட்கார வைத்தார்களே, வெண்டைக்காய் போடட்டுமா என்றதும் தட்டு நகர்ந்த சத்தம் கேட்கவில்லையா என்பாள். எனக்குக் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படிக் கேட்கும்?

சண்டையும் போட்டோம். எனக்குப் பிரிவு பிடிக்கும். பிரிவு எழுத வரும் என்பதே நிஜம். அவர்களை நான் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போய், அலை காலைத் தொடும் நேரத்தில் ஆளுக்கொரு திசையில் நடக்க விட்டுவிடுவேன். மறுமுனையில் ஊசி வேகமாகக் குத்தும். பிறகு தீர்ப்பு வரும்.

"எப்பப் பாரு பிரிச்சு வெச்சுக்கினே கீற. உனக்கு இன்னாக்கா அதுல ஆதாயம்? ஒரு வாட்டி அதுங்கள உக்கார வெச்சு சோறு போடேன்."

அவள் சோறு போடுவாள். அவளுடைய இடைவேளைகளில் அவர்கள் ரங்கநாதன் தெருவில் மிக்ஸி வாங்கினார்கள். எந்த நிறம் என்று அடித்துக்கொண்டார்கள். மாம்பலம் ஸ்டேஷன் படியில் கூட்டம் தள்ளியதில் அவன் அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றான், தொடவில்லை, அவன் சட்டையில் இஸ்திரிச் சூடு இன்னும் இருந்தது. இதைச் சொன்னபோது அவள் குரல் தணிந்தது. நான் சத்தத்தைத் திறக்க மறந்து அடுத்த பாகத்தில் பாதியைத் தவற விட்டேன்.

கல்யாணமான என் அண்ணன் மகள் ஒருநாள் அடையாறிலிருந்து வந்தவள் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, அத்தை, இதுக்குப் பேரு ஷிப் பண்றது என்றாள். உலகம் பூராவும் செய்கிறார்களாம். இரண்டு பாத்திரங்களைச் சேர்த்து வைத்து, பெயர்களை ஒட்டி ஒரே பெயராக்கி, கதை எழுதி, படம் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு. போனில் காட்டினாள். அந்தச் சீரியலின் மருமகளுக்கும் அவள் புருஷனுக்கும் அப்படி ஆயிரம் பேர் இருந்தார்கள். குமாஸ்தாவுக்கும் நாத்தனாருக்கும் தேடிப் பார்த்தோம். ஒருவருமில்லை. உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியபோது ஒரு இடைவேளையில் அவள் வழக்கத்தைவிட வேகமாகப் பேசினாள். நாத்தனாருக்கு ஒரு வரன் வந்திருக்கிறது என்றாள். குமாஸ்தா என்ன செய்வான் என்றேன். இது வேறு இடம், ஈக்காட்டுத்தாங்கல், சொந்தமா லேத் பட்டறை, பெண்டாட்டி இறந்து சில வருஷமாகிறது, குழந்தை இல்லை, அவருடைய அக்கா தரகரோடு வந்து அண்ணனிடம் பேசினார் என்றாள். சீரியலில் ஏது ஈக்காட்டுத்தாங்கல் என்று கேட்க வாய் திறந்தபோதுதான், வரன் இவளுக்கே வந்திருக்கிறது என்று புரிந்தது. அந்த வீட்டார் ஒரு கண்ணியமான கெடு வைத்திருந்தார்கள்: பார்க்கட்டும், பேசட்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லட்டும். அண்ணன் வற்புறுத்தவில்லை. உன் இஷ்டம் என்றுவிட்டார். அதுதான் கஷ்டம் என்றாள். விளம்பரம் முடிந்தது. முதல் தடவையாக நாங்கள் இருவருமே வைக்கவில்லை.

பாண்டி பஜாரில் ஒரு ஜூஸ் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. அவள் அண்ணனும் மாப்பிள்ளையின் அக்காவும் உள்ளே ஒரு மேஜையில். வெளிப்பக்கம் இன்னொன்றில் இவர்கள் இருவர், துணைக்கு நான். மழை விட்டிருந்தது. நடைபாதைக் கல்லில் ஜவுளிக்கடை விளக்குகள் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன. அவர் வந்தார். காதோரம் நரை, மடிப்புக் கலையாத சட்டை, எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் தங்கிவிட்ட இரும்புக் கறுப்பு. அவள் வேலையில் குனிகிற மாதிரியே மேஜையைப் பார்த்துக் குனிந்திருந்தாள்.

வேலை முடிஞ்சு நேரா வரீங்களா என்று கேட்டார். பட்டறைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அடியில் ஒரு கூழாங்கல் உருண்டது.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. குமாஸ்தாவின் அதே குரல். அவள் நிமிரவில்லை, ஆனால் கழுத்து நரம்பு அசைந்ததைப் பார்த்தேன். அந்த நொடியே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. முகம் பார்க்காமல் குரலை வைத்தே ஒரு மனுஷனைக் கட்டி எழுப்பிப் பழகியவள். கட்டி வைத்தவன் தயாராகவும் இருந்தான். அவனைத் தூக்கி அப்படியே இவர்மேல் போர்த்திவிட்டாள்.

ஜூஸ் சொல்லும்போது, அவருக்கு ஐஸ் போடாதீங்க என்றாள் கடைக்காரரிடம். மனுஷருக்கு ஆச்சரியம், கொஞ்சம் சந்தோஷமும். மழை வந்தா உங்களுக்கு நெஞ்சு கட்டிக்கும்ல என்றாள் அடுத்து. அவர் உள்ளே இருந்த தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார், அவர்தான் எதையோ உளறியிருக்க வேண்டும் என்பதுபோல. சட்டையை நீங்களேதானே தேய்த்துக்கொள்வீர்கள் என்றதற்கு, தெருமுனையில் ஒருத்தரிடம் கொடுப்பேன் என்றார் தயங்கி. நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் நிறுத்துகிற நிலையில் இல்லை. வெண்டைக்காய்தான் ஆகாது, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, எங்கள் வீட்டிலும் அவ்வளவாகச் செய்வதில்லை என்று, ஏதோ பெரிய மனது பண்ணி ஒருவரை மன்னிப்பதுபோல, பிரியமாகச் சொன்னாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வெண்டைக்கா எனக்கு ரொம்பப் புடிக்கும்ங்க," என்றார். பிறகு, முகம் கறுத்து, குரலைத் தாழ்த்தி: "வேற யாரப் பத்தியோ உங்ககிட்ட சொல்லி வெச்சிருக்காங்களா? மாத்திச் சொல்லிட்டாங்களா?"

அவருக்கு வந்த பயம் நியாயமானது. தரகர் இரண்டு மாப்பிள்ளைகளைக் குழப்பிவிட்டார், இந்தப் பெண் மனசில் வேறொருவரை வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்கிற பயம். எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. ஆமாம், தரகர் குழப்பிவிட்டார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாய் திறந்தேன். அவள் கை என் முழங்கால்மேல் வந்து அழுத்தியது. அன்று முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வேற ஒருத்தரப் பத்திதான். டிவில வர்றவரு."

எல்லாவற்றையும் சொன்னாள். குனிந்து வேலை செய்வதை, எடுக்காத டம்ளரை, விளம்பரத்தில் நாங்கள் பேசுவதை, குரல் ஒன்றாக இருந்ததை. மிக்ஸியைக்கூட விடவில்லை. நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயசுக்கு, நான் எழுதுகிற எழுத்துக்கு, ஒரு அந்நிய ஆண் எதிரில் என் சாயங்காலங்கள் இப்படிப் பிரித்துப் போடப்பட்டதில்லை. அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். எழுந்து போவார் என்று அவள் காத்திருந்தாள், கை என் முழங்காலை விடவில்லை.

அவர் மெஷினில் புதுசாக ஒரு சத்தம் கேட்டால் எப்படிக் கேட்பாரோ அப்படித் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் கேட்டார்: "அவரு என்ன வேல?"

"வக்கீல் குமாஸ்தா."

"நான் லேத்துங்க," என்றார், அப்போதுதான் வந்து உட்கார்ந்து தன்னை அறிமுகம் செய்துகொள்பவர் போல. "மழைல ஒண்ணும் ஆவாது. ஐஸ் போட்டே குடிப்பேன். குறட்டை மட்டும் உண்டு, அக்கா சொல்லியிருக்க மாட்டாங்க."

கடைக்காரரைக் கூப்பிட்டு ஐஸ் கேட்டார்.

அதற்குப் பிறகு பட்டறையைப் பற்றிக் கொஞ்சம், மழைத் தண்ணீர் பற்றிக் கொஞ்சம். நல்லபடியாகத்தான் விடைபெற்றார்கள். ஆனால் பனகல் பார்க் பக்கம் நடக்கும்போது அவள் முகம் சரியில்லை. அண்ணன் வண்டியை எடுக்கப் போயிருந்தார். மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத் தடுப்புகளை ஒட்டி நடந்தோம். நல்லவராகத் தெரிகிறார் என்றேன். தெரிகிறார் என்றாள். தெரிவதுதான் பயம் என்றாள்.

குமாஸ்தா ஷூ லேஸ் கட்டும்போது என்ன நினைக்கிறான் என்பதுவரை அவளுக்குத் தெரியும். இவருக்குள் என்ன ஓடுகிறது என்று ஒன்றுமே தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாரே, கோபத்தில் வைத்தாரா, யோசித்து வைத்தாரா? சத்தம் ஒன்றுபோலத்தான் இருந்தது. பிறகு, தகரத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, முன்பு ஒருபோதும் பேசாததைப் பேசினாள்.

"மொதல்ல கட்டுனானே, அவனும் நல்லாதான் பேசுனான். உள்ள இன்னா கீதுன்னு உள்ள போய்தான் தெரிஞ்சுது. இன்னொரு வாட்டி அந்த மாதிரி என்னால போவ முடியாதுக்கா."

அவளைத் தேற்ற எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஆரம்பித்தேன். இதோ அவர் இப்போது ஈக்காட்டுத்தாங்கலுக்கு பஸ்ஸில் போகிறார், ஜன்னலோரம், கையில் ஜூஸ் கடையின் ஈரம் இன்னும் இருக்கிறது, வீட்டுக்குப் போய் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் நாற்காலியில்...

"வாணாம்," என்றாள். நின்றுவிட்டாள். "இவரப் பத்தி நீ ஒண்ணும் சொல்லாத. நீ சொன்னா நான் நம்பிக்குவேன்."

அண்ணன் வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் துரைசாமி சப்வே வரை நடந்து, ஏன் அங்கே வந்தேன் என்று தெரியாமல் திரும்பி நடந்தேன். யாருக்காவது பிரியத்தால் ஒரு மனசைக் கட்டிக் கொடுத்துவிடுவது எவ்வளவு சுலபம் எனக்கு. அந்த மனுஷருக்கும் ஒன்று கட்டி, சாவியை இவள் கையில் கொடுத்திருப்பேன். அவர் பாட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்.

அந்த வாரம் புதன்கிழமை, சீரியலில் குமாஸ்தாவை முடித்துவிட்டார்கள். சாகக்கூட விடவில்லை. வக்கீல் தனியாக வந்தார். உங்க குமாஸ்தா எங்கே என்று யாரோ கேட்டார்கள். அவன் சொந்த ஊருக்கே போயிட்டான் என்றார் வக்கீல், கட்டைப் பிரித்துக்கொண்டே. அவ்வளவுதான், வேறொரு பேச்சு. அந்த நடிகருக்கு வேறு எங்காவது நல்ல வேலை கிடைத்திருக்கும், கிடைத்திருக்கட்டும். விளம்பரம் வந்ததும் சத்தத்தை நிறுத்திக் கூப்பிட்டேன். அவள் லைன் பிஸி. அடுத்த இடைவேளையிலும் பிஸி. ஷாம்பூ விளம்பரத்துப் பெண் ஓசையில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தனியாக முயன்றேன். அவனை எழும்பூரில் ரயிலேற்றலாமா, கடைசியாக அந்த வீட்டு வாசலில் நிறுத்தலாமா. எதுவும் வரவில்லை. என்னால் முடிந்ததெல்லாம் பிரிவுதான். அதையும் அவர்களே செய்துவிட்டார்கள்.

மறுநாள் மதியமே தி.நகர் போய் மாடியேறினேன். மயில் ஒன்று பாதி முடிந்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துக்கம் விசாரிக்கிற தோரணையில், நேற்று கேட்டாயா என்றேன். வேறொரு போனில் இருந்ததால் பாதிதான் கேட்டாளாம். யாரோடு போன் என்று நான் கேட்கவில்லை. கூடத்தில் இருந்த மற்ற மூவரின் சிரிப்பு ஈக்காட்டுத்தாங்கல் என்றது. நான் நடந்ததைச் சொன்னேன். சொந்த ஊருக்குப் போய்விட்டானாம், ஒரு வார்த்தை இல்லை, ஒரு பார்வை இல்லை, தனியாக.

ஊசி இறங்கி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "தனியாவா?" என்றாள். "போன திங்கள்லேர்ந்து அந்த வூட்ல காபி யாரு வெக்கறா?"

யோசித்தேன். எனக்குப் பார்த்த ஞாபகம் இல்லை.

"மருமவ வெக்கறா. கண்ணாடி வளையல் சத்தம். நாத்தனாருக்கு ஒரே ஒரு வளையல்தான், அதுவும் பித்தள மாதிரி மொண்ணையா கேக்கும். அந்த சத்தமே இல்ல இந்த வாரம் பூரா." நூலை இழுத்து முடிந்தாள். "அவளும் கூடப் போய்ட்டாக்கா. நீதான் கவனிக்கல."

கட்டுப்பாட்டை அவள் மீறவே இல்லை. டிவியில் காட்டிய எதையும் மாற்றவில்லை. அவர்கள் அக்கறையில்லாமல் திறந்து விட்டுப்போன ஒரு கதவு வழியாக அவ்வளவு அழகாக இரண்டு பேரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சந்தோஷத்தோடு மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து எனக்குக் கண் கலங்கியது. அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள், அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும், நாம் எதற்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு அந்தச் சீரியலை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

வேலை முடிந்து ஐந்தரைக்கே கிளம்பினாள். வழக்கமாக எட்டாகும். மாம்பலத்திலிருந்து வரும் ஸ்கைவாக் நடைபாலம் கொட்டும் ஜனத்தில் இடிபட்டுக்கொண்டு, தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்தேன். ஈக்காட்டுத்தாங்கல் போகிறாளாம். அவரும் அவர் அக்காவும் பட்டறை வாசலில் இருப்பார்களாம். வீட்டைப் பார்க்க வேண்டும், சமையல் அறையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் நேருக்கு நேராகவே சொல்லிவிட வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரி இருந்தது. அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்பப் பிடிக்கவில்லை அவளுக்கு.

என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. துப்பட்டாவில் ஒட்டியிருந்த ஜரித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள். போருக்குக் கிளம்புகிறவள் மாதிரியும் இருந்தாள், கோலாட்டத்துக்குக் கிளம்புகிற சிறுமி மாதிரியும் இருந்தாள். உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது? இத்தனை நாள் பழகியும் எனக்குத் தெரியவில்லை. கேட்டால்தான் உண்டு என்று அப்போதுதான் உறைத்தது. பஸ் திரும்பி உள்ளே நுழைந்தது. கூட்டம் முன்னால் நெருக்கியது. அவள் முதுகுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நான் கையை வைத்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்து, பயமா இல்லையா என்று கேட்டேன்.

படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

"இருக்கு," என்றாள். "நேத்து போன்ல கேட்டேன், அவருக்கும் இருக்காம். வரேன்க்கா."